சோற்று மரம்: வளவிலே ஒரு பலா

கமக்காரர்களே!

நெல் விளையும் வயலும் மரக்கறி விளையும் தோட்டமும் நமது உழைப்பைக் கேட்டுப் பெற்ற பின்னரே பயன் தருவன. உழுதல், விதைத்தல், நீர் பாய்ச்சுதல், களை பிடுங்குதல், காவல் செய்தல் என்னும் இவற்றுள் ஒன்று குறையினும் அந்தப் போகம் குறைந்துவிடும். மழை பிந்தினாலும், குளம் வற்றினாலும், சந்தையில் விலை விழுந்தாலும் நட்டம் கமக்காரனையே சாரும். ஆனால், வளவின் ஒரு மூலையிலே, எவரும் ஏறிட்டுப் பாராத இடத்திலே நிற்கும் பலாமரமோ, ஒருமுறை வேரூன்றிவிட்டால் நம்மிடம் கேட்பது மிகச் சொற்பம். அது கொடுப்பதோ ஒரு குடும்பத்தின் பல நாட் சோறு.

இத்தகைய மரத்தை நம் முன்னோர் எவ்வாறு மதித்தனர், பஞ்ச காலங்களில் அது நாட்டை எவ்வாறு தாங்கிற்று, இன்று அதனை நட்டு வளர்க்க வேண்டிய முறை யாது, அதனை வெட்ட நினைப்பவர் முதலிற் சிந்திக்க வேண்டியவை யாவை என்பனவற்றை இத்துண்டுப் பிரசுரம் எடுத்துக் கூறும்.

மரபிலே பலா

மா, பலா, வாழை என்னும் மூன்றையும் முக்கனி என்று போற்றுவது தமிழர் வழக்கம். பலாவின் பிறப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் என்று தாவரவியலார் கொள்வர். அக்காடுகளை அடுத்து வாழ்ந்த பழந்தமிழ் மக்களுக்கு இம்மரம் மிகப் பழைய உறவாகும். குறிஞ்சி நிலத்தைப் பாடிய புலவர்கள் பலாவை மறவாது பாடினர்.

அவற்றுள் கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று புறநானூற்றின் 109 ஆம் பாட்டில் உண்டு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட காலத்தில் அவர்களை நோக்கிக் கபிலர் கூறுவதாக அமைந்தது அப்பாட்டு. உழவர் உழாமலே அம்மலை நான்கு விளைபொருள்களைத் தருகின்றது என்றும், ஆதலால் அதனை எளிதிற் கொள்ளுதல் இயலாது என்றும் புலவர் உரைக்கின்றார். அந்நான்கும் மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பனவாம். பகைவர் சூழ்ந்து நிற்க, வயலுக்குச் செல்லும் வழி அடைபட்ட வேளையில், உள்ளிருப்போரைத் தாங்கும் உணவுகளுள் ஒன்றாகப் பலா அங்கே எண்ணப்பட்டது. பலாவின் பெருமையை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

கோயில் வழிபாட்டிலும் பலாவுக்கு இடமுண்டு. தமிழ்நாட்டிலுள்ள திருக்குற்றாலத்தின் தலமரம் குறும்பலாவாகும். திருஞானசம்பந்தர் அம்மரத்தையே போற்றித் தனியாக ஒரு பதிகம் பாடியுள்ளார். இசைக்கும் பலா வேண்டும். தவிலும் மிருதங்கமும் வீணையும் முற்றிய பலாமரத்தைக் குடைந்தே செய்யப்படுகின்றன. நமது கோயில் திருவிழாக்களில் ஊரைக் கூட்டும் தவிலோசை, ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் வளவில் நின்ற பலாவிலிருந்து எழுவதே. பௌத்த துறவிகளின் காவியுடைக்குச் சாயம் ஏற்றுவதற்கும் பலாவின் வைரத்தைச் சீவி அவித்தெடுத்த மஞ்சள் நீர் பயன்பட்டு வந்தது. ஆகவே, இத்தீவின் இரு பெரும் மக்களினத்தாரதும் வழிபாட்டில் ஒரே மரம் பணி செய்திருக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்பன்று கூழ் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். பழுத்து விழுந்த பலாவிலையை எடுத்து, கோலி, ஈர்க்கினாற் குத்தி, அதனையே கரண்டியாகக் கொண்டு கூழை அள்ளிக் குடிப்பர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்களுக்காகப் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டிலும் பிள்ளைகள் பலாவிலை பொறுக்கும் காட்சி வருகின்றது. ஒடியற் கூழிலே மீனுடனும் மரக்கறியுடனும் பலாக்கொட்டையும் சேரும். பச்சைப் பலாக்குழை ஆடுகள் விரும்பியுண்ணும் தீனி. பலாப்பழம் பிளந்த வீட்டார் அயல் வீடுகளுக்கும் ஒரு பங்கு அனுப்பாமல் இருப்பதில்லை. தனியே உண்டு தீர்க்க இயலாத பழம் அயலாரோடு உறவை வளர்க்கும் பழமாயிற்று.

பஞ்சத்தில் நாட்டைத் தாங்கிய மரம்

சிங்கள மக்கள் பலாவைச் சோற்று மரம் என்ற பொருள்பட அழைப்பர். இது வெறும் புகழ்ச்சி மொழியன்று. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்து 1679 இல் தப்பிச் சென்ற இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட தமது நூலில் பலாவைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். மக்களின் உணவில் பெரும் பகுதி இம்மரத்தினின்று கிடைத்ததையும், பிஞ்சு, காய், பழம் என்னும் ஒவ்வொரு பருவத்துக்கும் வெவ்வேறு பெயர் வழங்கியதையும் அவர் குறித்துள்ளார். பருவந்தோறும் பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு ஒரு காய் மக்களின் வாழ்வோடு ஒன்றியிருந்தது என்பதற்கு இது சான்று.

இரண்டாம் உலகப் போரில், 1942 இல், பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசி பங்கீட்டு அட்டைக்கு மட்டுமே கிடைத்த அந்நாட்களிலும், பின்னர் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியிலும், பலாவும் மரவள்ளியும் பல குடும்பங்களின் பானையை நிரப்பின. 2021 இல் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டதனால் நெல் விளைச்சல் வீழ்ந்ததையும், 2022 இல் பொருளாதார நெருக்கடியினால் உணவுப் பொருள்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியதையும் நாம் யாவரும் கண்ணாரக் கண்டோம். அவ்வாண்டில் வளவிலே பலா நின்ற வீட்டுக்கும் நில்லாத வீட்டுக்கும் இருந்த வேறுபாட்டை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வுண்மையை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்த ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் (1886–1960) ஆவார். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பிரித்தானிய ஆட்சியாளரின் இராணுவச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். அதன்பின் நாடெங்கும் பலாமரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி, பத்து இலட்சம் மரங்கள் என்னும் இலக்குடன் உழைத்தார். மக்கள் அவரை அன்புடன் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்று அழைத்தனர். அவருடைய காலத்தில் நடப்பட்ட மரங்களின் பயனை அவரைக் கண்டறியாத தலைமுறையினர் உண்டனர். பலா நடுவோர் யாவருக்கும் பொருந்தும் செய்தி இது.

மரத்தின் இயல்பு

பலாவைச் சரியாகப் பேண வேண்டுமாயின் அதன் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரே மரத்தில் ஆண்பூங்கொத்தும் பெண்பூங்கொத்தும் தனித்தனியே தோன்றும். ஆண்பூங்கொத்து பெரும்பாலும் மெல்லிய காம்பில், சிறு கிளைகளிலும் காணப்படும். பெண்பூங்கொத்து அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் தடித்த காம்பில் தோன்றும். அக்காம்பின் நுனியில் வளையம் போன்ற தடிப்பு ஒன்று தெளிவாகத் தெரியும். மகரந்தம் சிந்திய பின்னர் ஆண்பூங்கொத்து கறுத்து விழுந்துவிடும். இதனைக் கண்டு பிஞ்சு உதிர்கின்றது என்று கமக்காரர் சிலர் கலங்குவதுண்டு. அது மரத்தின் இயற்கை, கலங்க வேண்டியதில்லை. காயாக வளர்வது பெண்பூங்கொத்து மட்டுமே. பூத்துப் பழம் முற்றுதற்கு மூன்று முதல் எட்டு மாதங்கள் வரை செல்லும். இனத்தையும் காலநிலையையும் பொறுத்து இக்காலம் வேறுபடும்.

பலாவில் இரு பெரும் வகைகள் உள. சுளை தடித்து, மொறுமொறுப்பாக இருப்பது வருக்கன். சுளை இளகி, வழுவழுப்பாக இருப்பது கூழன். விலை மிகுதியாகப் பெறுவது வருக்கனே. எனினும், கூழன் பலாவின் காயும் கொட்டையும் கறிக்கு எவ்விதத்திலும் குறைந்தனவல்ல.

நீர் வடியும் ஆழமான மண் எதுவாயினும் பலா வளரும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும், வன்னியின் மேட்டு நிலத்திலும், மட்டக்களப்பின் மணல் கலந்த வளவுகளிலும், ஈரவலயத்தின் மலைச்சரிவுகளிலும் அதனைக் காணலாம். தென்மராட்சிப் பலாப்பழத்துக்கு வடபகுதிச் சந்தைகளில் தனி மதிப்பு உண்டு. ஆனால், ஒன்றை மட்டும் பலா பொறுத்துக்கொள்ளாது. அது வேரடியில் தேங்கி நிற்கும் நீர். சில நாட்கள் தொடர்ந்து வேர் நீரில் மூழ்கினாலே மரம் வாடத் தொடங்கும். முதிர்ந்த மரமும் பட்டுப்போகும். நெற்செய்கையாளர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். வயல் வரம்பிலும், வாய்க்காற் கசிவு உள்ள இடத்திலும், மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ளத்திலும் பலாவை நடலாகாது. வீட்டு வளவின் உயர்ந்த பகுதியே அதற்கு ஏற்ற இடம்.

விதை தேர்தலும் கன்று வளர்த்தலும்

பலா அயன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. ஆதலால், ஒரு மரத்தின் விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று உறுதி கூற முடியாது. தாய்மரத்தின் குணம் மாறாமல் வேண்டுவோர் ஒட்டுக்கன்றையே நடுதல் வேண்டும். ஒட்டுக்கன்று மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்று காய்ப்பதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகளும், சில வேளைகளில் அதற்கு மேலும் செல்லும். ஆனால் நெடுங்காலம் நின்று காய்ப்பதற்கும், நல்ல மரம் தருவதற்கும் விதைக்கன்று ஏற்றது. வளவில் இரண்டு மரங்களுக்கு இடமிருப்பின் ஒன்று ஒட்டுக்கன்றாகவும் மற்றையது விதைக்கன்றாகவும் இருத்தல் நன்று.

விதை எடுப்போர், ஆண்டுதோறும் தவறாது காய்ப்பதும், நோயற்றதும், சுளை நிறைந்ததுமான மரத்தைத் தேர்க. அதன் நன்கு பழுத்த பழத்திலிருந்து பெரிய கொட்டைகளைப் பொறுக்கி, வழுவழுப்பு நீங்கக் கழுவுக. பலாக்கொட்டை நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்கத்தக்க விதையன்று. காய்ந்தால் முளைக்கும் சக்தி அழிந்துவிடும். நாட்செல்லச் செல்ல முளைப்பும் குறையும். ஆதலால், எடுத்தவுடனே, ஈரம் உலருமுன், விதைத்தல் வேண்டும்.

பலாவின் ஆணிவேர் விரைந்து ஆழமாகச் செல்வது. அது முறிந்தாலோ வளைந்தாலோ கன்று தேறாது. எனவே, ஆழமான பொலித்தீன் பையில் மேன்மண்ணும் மணலும் மக்கிய மாட்டெருவும் சம அளவிற் கலந்து நிரப்பி, ஒரு பைக்கு ஒரு கொட்டையாகக் கிடையாக வைத்து, இரண்டு அங்குல ஆழத்தில் மூடுக. பை நிழலில் இருத்தல் வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டுமேயன்றிச் சேறாகலாகாது. மூன்று முதல் ஆறு வாரங்களில் முளை தோன்றும். பைகளை நிலத்திலே வைத்தால் வேர் பையைத் துளைத்து நிலத்துள் இறங்கிவிடும். ஆதலால் கல்லின் மேலோ பலகையின் மேலோ அடுக்கி வைக்க.

உலர்வலயக் கமக்காரருக்குக் காலம் தானே ஒத்துவருகின்றது. ஆனி, ஆடியில் உண்ட பழத்தின் கொட்டையைப் பையில் இட்டால், ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கும்போது கன்று நடுதற்கு ஆயத்தமாக இருக்கும். காலபோக விதைப்பு முடிந்த கையோடு, ஒரு மாலைப் பொழுதில் இவ்வேலையை முடித்துவிடலாம்.

நடுகையும் பராமரிப்பும்

1. நடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே குழி வெட்டுக. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஏறக்குறைய 90 சதமமீற்றர், அதாவது மூன்று அடி, இருத்தல் நன்று. மேன்மண்ணை ஒரு புறமும் அடிமண்ணை மறுபுறமும் இடுக.

2. மேன்மண்ணோடு நன்கு மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெருவைக் கலந்து குழியை நிரப்புக. நிலமட்டத்துக்குச் சிறிது மேலாக நிரப்பினால், மண் அமுங்கிய பின்னரும் பள்ளம் விழாது.

3. மரத்துக்கு மரம் பத்து மீற்றருக்குக் குறையாத இடைவெளி விடுக. வீட்டுச் சுவர், கிணறு, நீர்த்தொட்டி ஆகியவற்றுக்கு அண்மையில் நடலாகாது. மரக்கறிப் பாத்திகளின் மேல் நிழல் விழாத திசையைத் தேர்க.

4. பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமற் கன்றை நடுக. ஒட்டுக்கன்றாயின் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிதல் வேண்டும். ஒட்டுக்குக் கீழே தோன்றும் தளிர்களை அவ்வப்போது கிள்ளி விடுக.

5. நட்ட கன்றுக்குப் பனையோலை அல்லது கிடுகினால் நிழல் அமைக்க. ஆடு மாடுகள் பலாக்குழையைத் தேடி வருவன. ஆதலால், முள்வேலியோ கூடோ இல்லாத கன்று ஒரு வாரமேனும் நில்லாது.

6. முதலிரு கோடைகளில் நீர் ஊற்றுதல் இன்றியமையாதது. அடியைச் சுற்றி வைக்கோல், சருகு, தென்னம்மட்டை ஆகியவற்றைப் பரப்பினால் ஈரம் நிலைக்கும். ஆனால் அவை தண்டைத் தொடாதவாறு ஒரு சாண் விலக்கி இடுக.

7. ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன், கிளைகளின் நிழல் விழும் எல்லையைச் சுற்றி வட்டமாகக் கொத்தி எருவிடுக. உணவு உறிஞ்சும் வேர்கள் அங்கேயே மிகுதியாக உள. அடிமரத்தின் அருகே எருவைக் குவிப்பதாற் பயன் சிறிது. இரசாயனப் பசளை இட விரும்புவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அளவைக் கேட்டறிந்து இடுக.

நோயும் பூச்சியும்

பலாவுக்கு வரும் கேடுகள் சில. அவற்றுட் பெரும்பாலானவற்றை மருந்தின்றி, கைவேலையாலே அடக்கலாம்.

இளம்பிஞ்சு மென்மையாகி, சாம்பல் அல்லது கறுப்பு நிறப் பூஞ்சணம் படர்ந்து அழுகுவது பிஞ்சழுகல் நோய். மாரிக் காலத்தில் இது மிகும். அழுகிய பிஞ்சுகளையும், மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்த ஆண்பூங்கொத்துகளையும் அகற்றிப் புதைத்துவிடுக. உள்ளே காற்றும் ஒளியும் புகுமாறு காய்ந்த கொப்புகளையும் நெருங்கிய சிறு கிளைகளையும் நீக்குக.

தளிரையும் காயையும் துளைக்கும் புழு மற்றொரு பகை. துளையும் அதன் வாயில் எச்சமும் காணப்பட்டால், அத்தளிரை வெட்டி அழித்துவிடுக. இரண்டு காய்கள் ஒன்றோடொன்று உராயும் இடத்திலேயே புழு எளிதிற் புகும். ஆதலால், ஒரே காம்பில் நெருங்கிய பிஞ்சுகளில் ஒன்றைப் பொலொஸ் கறிக்கு எடுத்துவிட்டு மற்றையதை வளர விடுவதே புத்தி.

பழ ஈக்குப் பழஞ்சாக்கினால் அல்லது பின்னிய தென்னோலையால் காயை மூடிக் கட்டுதல் தக்க காப்பு. விழுந்து அழுகிய பழங்களை மரத்தடியில் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டின் ஈயை நாமே வளர்ப்பதாகும். அவற்றை ஆழக் குழியிற் புதைத்துவிடுக.

அறுவடையும் பயனும்

காய் முற்றியதை அறிய நான்கு அடையாளங்கள் உண்டு. முட்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிக் கூர்மை மழுங்கும். தட்டினால் மந்தமான, உள்வெளியுள்ள ஓசை எழும். காம்பிலுள்ள கடைசி இலை மஞ்சளாகும். தோலின் பச்சை நிறம் மங்கும். மணம் வீசத் தொடங்கும் வரை காத்திருந்தால் அணிலும் வௌவாலும் முந்திக்கொள்ளும். காயைக் கயிற்றிற் கட்டி மெதுவாக இறக்குக. நிலத்தில் விழுந்து அடிபட்ட காய் பழுக்குமுன் அழுகும்.

பிஞ்சு முதல் கொட்டை வரை பலாவில் வீணாவது ஒன்றுமில்லை. பிஞ்சு பொலொஸ் கறியாகும். முற்றிய காயின் சுளை அவித்தால் ஒரு நேரச் சோற்றுக்கு ஈடாகும். தேங்காய்ப்பூவும் சம்பலும் அதற்குத் துணை. கொட்டையை அவித்தோ சுட்டோ கறியாக்கியோ உண்ணலாம், பச்சையாக உண்ணலாகாது. தோலும் சடையும் மாட்டுக்குத் தீனி. பால் கையிலும் கத்தியிலும் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்க.

பருவ காலத்தில் மிஞ்சுவதைச் சேமித்தல் இல்லத்தரசியர் கையில் உள்ளது. முற்றிய சுளையைக் கீற்றுகளாக அரிந்து, கொதிநீரில் சிறிது நேரம் அவித்து, நல்ல வெயிலில் முறுகக் காயவைத்து, ஈரம் புகாத தகரப் பேணியில் அடைத்தால் மாரி வரை கெடாது. கொட்டைகளைக் கழுவி உலர்த்தி, காய்ந்த மணலிற் புதைத்து வைப்பது முன்னோர் கண்ட முறை. இவை உணவுக்கு, விதைக்கு முன்னர்க் கூறியவாறு புதிய கொட்டையே வேண்டும்.

வெட்டுமுன் ஒரு கணக்கு

இனி, இத்துண்டுப் பிரசுரத்தின் முக்கியமான பகுதிக்கு வருகின்றோம். ஊரெங்கும் பலாமரங்கள் வெட்டப்படுகின்றன. மகளின் கலியாணம், மகனின் படிப்பு, வீட்டுக் கூரை, வங்கிக் கடன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. பலா வைரம் மஞ்சளாயிருந்து நாளடைவிற் கபில நிறமாகி மினுங்குவது. கறையான் எளிதில் அரிக்காதது. கதவுக்கும் யன்னலுக்கும் தளபாடத்துக்கும் விரும்பப்படுவது. ஆகவே, காசோடு படலையடிக்கு வரும் மர வியாபாரியை மறுத்தனுப்புவது எளிதன்று. இதை நாம் அறிவோம்.

ஆயினும், ஒரு கணக்கைப் பார்க்கும்படி வேண்டுகின்றோம். நன்கு வளர்ந்த மரம் ஆண்டொன்றுக்கு நூறு காய்கள் வரையிலும் தரும். நாம் மிகக் குறைவாக, நாற்பது காய்கள் என்றும், ஒரு காய் 8 கிலோகிராம் என்றும் கொள்வோம். மொத்தம் 320 கிலோகிராம். அதில் மூன்றிலொரு பங்கே உண்ணத்தக்க சுளை என்று கொண்டாலும் 100 கிலோகிராமுக்கு மேல் உணவு கிடைக்கின்றது. பத்திலொரு பங்கு கொட்டை என்றால் இன்னும் 30 கிலோகிராம். இவ்விளைச்சலுக்கு உழவுகூலி இல்லை; விதைநெல் இல்லை; கிருமிநாசினி இல்லை. இருபது ஆண்டுகளுக்கு இதனைப் பெருக்கி, இன்றைய சந்தை விலையில் மதிப்பிட்டு, அதன்பின் வியாபாரி சொல்லும் விலையோடு ஒப்பிடுக. மரத்தை ஒருமுறையே விற்கலாம். காயை ஆண்டுதோறும் விற்கலாம்.

வன்னியில் ஒரு நெற்செய்கைக் கிராமத்தில் முதியவர் ஒருவரின் வளவில் மூன்று பலாக்கள் நிற்கின்றன. மர வியாபாரிகள் பலமுறை கேட்டும் அவர் கொடுக்கவில்லை. காரணத்தை வினவியபோது, “தம்பி, நெல் விற்ற காசு கடன்காரனுக்குப் போய்விடும். பலாவால் வருவதுதான் பிள்ளைகளின் வயிற்றுக்கு வரும்” என்றார். அவர் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் அல்லர். ஆனால் அவருடைய கணக்கிற் பிழை காண முடியவில்லை.

சட்டமும் இம்மரத்துக்குக் காவலாக நிற்கின்றது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம், பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கின்றது. சொந்தக் காணியில் நிற்கும் மரமாயினும் அனுமதி பெற்றே வெட்டுதல் வேண்டும். இது பற்றிய விபரங்களைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டறியலாம். உணவு தரும் மரம் ஒருவருடைய காணியில் நின்றாலும் அது நாட்டின் களஞ்சியத்தில் ஒரு பங்கு என்பதே இச்சட்டத்தின் கருத்தாகும்.

தவிர்க்க இயலாமல் வெட்ட நேருமாயின், காய்ப்பு ஓய்ந்ததும் உள்ளே பொந்து விழுந்ததுமான மரத்தையே தேர்க. வெட்டுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரேனும் அதற்கு ஈடாக இரு கன்றுகளை நட்டு வைக்க. நாற்பது ஆண்டுகளில் வளர்ந்த மரத்தை ஒரு காலையில் வீழ்த்திவிடலாம். அந்த நாற்பது ஆண்டுகளை எந்த வியாபாரியும் திருப்பித் தரமாட்டான். போரின் காலத்தில், குறிப்பாக 2000 ஆம் ஆண்டில், இடம்பெயர்ந்து மீண்ட தென்மராட்சி மக்கள் அழிந்த வளவுகளில் மறுபடி கன்று வைத்துத் தொடங்க வேண்டியிருந்தது. முற்றிய மரம் ஒன்றின் பெறுமதியை அவர்கள் நன்கறிவர்.

இவ்வாண்டு செய்ய வேண்டியது

கமக்காரர்களே! பெரிய திட்டமொன்றையும் நாம் உங்களிடம் கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் உங்கள் வீட்டில் பழம் பிளக்கும்போது, பெரிய கொட்டைகள் ஐந்தை எடுத்துப் பையில் இடுக. மாரியில் அவற்றுள் நல்ல கன்றுகள் இரண்டை உங்கள் வளவின் மேட்டுப் பகுதியில் நடுக. எஞ்சிய கன்றுகளைப் பலா இல்லாத அயல் வீட்டுக்குக் கொடுக்க. பாடசாலைக்கும் கோயில் வீதிக்கும் கன்று தேவைப்படின் அவற்றையும் நினைவிற் கொள்க. ஒட்டுக்கன்று வேண்டுவோர் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விசாரிக்க.

கன்று வைக்கும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்து, குழியில் மண்ணிடச் செய்க. தாம் வைத்த மரத்தைப் பிள்ளைகள் எளிதில் வெட்டவிடமாட்டார்கள். நெல்லுக்கு நாம் பாடுபடுவது இந்தப் போகத்துக்காக. பலாவுக்குப் பாடுபடுவது இனி வரும் பல போகங்களுக்காக. வயல் பொய்த்த ஆண்டிலும் அடுப்பு அணையாமலிருக்க, ஒவ்வொரு வளவிலும் ஒரு பலா நிற்கட்டும்.